திணை மயங்கிய நாய்கள்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து வரும் மூன்று பெயர்கள் எந்தத் தமிழாசிரியனையும் சற்று நின்று வாசிக்க வைக்கும். குமணன்சாவடி, கரையான்சாவடி, முல்லைத்தோட்டம். முதலாவது, முதிரமலைக்குத் தலைவனான வள்ளலை நினைவூட்டுகிறது. மூன்றாவது, ஆநிரையும் ஆயரும் வாழ்ந்த நிலத்தை நினைவூட்டுகிறது. பெயர்களை மட்டும் நம்பி ஒருவர் படம் வரைந்தால் குறிஞ்சியும் முல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து அமரும். நேரில் வந்து பார்ப்பவருக்குக் கிடைப்பவை மெட்ரோ ரயில் தூண்களும் அடுக்ககங்களும் சரக்குந்துகளும்தாம். மலை இல்லை, மந்தை இல்லை. ஆயினும் மலைக்கும் மந்தைக்கும் உரிய நாய்கள் மட்டும் வந்து சேர்ந்துவிட்டன. மூன்றாம் தளத்துப் பலகணிக் கம்பிகளுக்குப் பின்னால், கரடியோ என்று ஐயுறத்தக்க பிடரி மயிரோடு நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருக்கும் நாயை இந்தப் புறநகர்களில் பார்க்காதவர் அரிது.

இதைப் பற்றி எழுதுவதற்கு இலக்கியப் பக்கம் இடமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது நம் எண்ணம். நிலத்துக்கும் அதில் வாழும் உயிருக்கும் உள்ள உறவை இலக்கணமாகவே வகுத்து வைத்தது நம் மொழி. கருப்பொருள் இன்னின்னவை என்று தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என வரிசைப்படுத்திய நூலைப் பாடமாக நடத்துகிறோம், மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள், மதிப்பெண் வழங்குகிறோம். விலங்கும் தொழிலும் ஒரே பட்டியலில் ஏன் இருக்கின்றன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நம் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேய்ச்சல் மலையின் நாயினம் ஒன்று என்பது, ஒரு மலையும் ஒரு மந்தையும் ஒரு தொழிலும் கூடிப் பல நூற்றாண்டுகளில் வனைந்த உடம்பு. மலையையும் மந்தையையும் தொழிலையும் அங்கேயே விட்டுவிட்டு உடம்பை மட்டும் விலைகொடுத்துக் கொண்டுவருவதற்கு அன்பு என்று பெயரிடலாகாது. அயல்நாய் வாங்குவோருக்கு மட்டுமல்லாமல், நாட்டு நாய் என்று மார்தட்டி வாங்குவோருக்கும் இது பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் இரண்டாம் பாதி.

*

மந்தையோடு வாழும் நாய்களில் இரு வகை உண்டு. இந்த வேறுபாடு விற்பவருக்கும் தெரிவதில்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை. ஒன்று, மேய்ப்பனின் சீழ்க்கைக்கு ஏற்ப ஆட்டைச் சுற்றி ஓடி வளைத்து ஓட்டிச் செல்லும் நாய். ஸ்காட்லாந்து மலைகளின் காலி நாய்கள் இவ்வகையின. மற்றொன்று, ஆட்டை ஓட்டுவதில்லை. மந்தையின் ஓர் உறுப்பாகவே அதனுள் வாழ்ந்து, ஓநாயும் சிறுத்தையும் கரடியும் வரும்போது குறுக்கே நிற்கும். இமயமலை மேய்ப்பர்களின் நாய்களும் திபெத்திய மாஸ்டிஃபும் துருக்கியின் காங்கலும் இந்த இரண்டாம் வகை. முதல் வகை ஏவலுக்குக் காத்திருக்கும். இரண்டாம் வகை தானே முடிவெடுக்கும். இரவில், மேய்ப்பன் உறங்கும் வேளையில், ஏவுவார் இல்லாத பனியில் நின்று முடிவெடுக்க வேண்டிய வேலை அது. "இந்த நாய் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை" என்று குறைப்பட்டுக்கொள்ளும் புறநகர்வாசி, சொல்லாமலே செய்வதற்கென்று உருவான ஓர் உயிரை வாங்கியிருக்கிறார் என்பதை அறியார்.

நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த சான்று ஹிமாச்சலப் பிரதேசத்தின் கத்தி மேய்ப்பர்கள் வளர்க்கும் நாய். அம்மக்கள் கோடையில் தௌலாதார் தொடரைக் கடந்து உயர்ந்த புல்வெளிகளுக்கு ஏறுகிறார்கள். பனிக்காலத்தில் காங்க்ராவின் தாழ்நிலங்களுக்கு இறங்குகிறார்கள். அவர்களோடு ஏறி இறங்குவது அந்த நாய். கருமை மிகுந்த அடர்ந்த மயிர், திரண்ட கழுத்து, அகன்ற மார்பு. சிறுத்தை முதலில் கவ்வுவது கழுத்தை என்பதால் முள் பதித்த இரும்புப் பட்டையை அதற்கு அணிவிப்பார்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்று நாயினங்களை முன்னரே பதிவு செய்திருந்தது. 2025 ஜனவரியில் கத்தி நாய் நான்காவதாகப் பதிவு பெற்றது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 2005 ஜனவரியில், இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல் தலைகளில் ஒன்று இமயமலை மேய்ப்பு நாய். இன்னொன்று நம் ராஜபாளையம். ஒரே தாளில் இமயமும் விருதுநகரும் அருகருகே நின்றன. அஞ்சல் தலையில் அது இயலும்.

திபெத்திய மாஸ்டிஃபின் உடம்பில் மலை இன்னும் ஆழமாக எழுதப்பட்டிருக்கிறது. உயிர்வளி குறைந்த உயரத்தில் வாழ்வதற்கு உதவும் மரபணுக் கூறு ஒன்றை அது மேட்டுநிலத்து ஓநாய்களிடமிருந்து கலப்பினால் பெற்றது என்று மரபியலார் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலான நாய்கள் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். இதுவோ ஓநாயைப் போல ஆண்டுக்கு ஒருமுறையே வருவது வழக்கம். பருவத்தையும் குருதியையும் மலைக்குக் கொடுத்துவிட்ட உயிர் அது. அதனை மாங்காட்டுக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் இடையில் ஒரு மகிழுந்து நிறுத்துமிடத்தில் கட்டிவைப்பதற்கு யாரிடம் ஒப்புதல் பெற்றோம்?

*

இனி உடம்பின் கணக்கைப் பார்ப்போம். மனிதன் தோல் முழுவதும் வியர்க்கிறான். நாய்க்கு வியர்வை உள்ளங்கால்களில் மட்டுமே, அதுவும் பெயரளவுக்கு. அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்வது இளைப்பதன் மூலம். நாவிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது குருதி குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்துவிட்டால் அந்த ஈரம் ஆவியாகாது. நாய் எவ்வளவு இளைத்தாலும் பயன் குன்றிவிடும். சென்னையின் வெயில் மட்டும் இந்நாய்களுக்குப் பகையன்று. வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வருவதே பகை. மேற்குப் புறநகர்களின் நிலை இன்னும் கடுமை. நண்பகலில் மயிலாப்பூருக்கு வந்துவிடும் கடற்காற்று, ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் வந்து சேரப் பொழுதாகும். சில நாள்களில் வருவதே இல்லை. மே மாதத்தில் பாதரசம் 40 பாகையைத் தாண்டுவது இங்கே செய்தியே அன்று. 2003 மே இறுதியில் சென்னை 45 பாகையையும் கண்டது.

நலமான நாயின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை. அது 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் கேடுறத் தொடங்கும். குருதி உறையும் முறை குலையும். குடலும் சிறுநீரகமும் மூளையும் தாக்குண்ணும். இரண்டே பாகை இடைவெளியில் ஓர் உயிர் நிற்கிறது. ஒருமுறை மின்சாரம் போய் ஒரு மணி நேரம் வராதிருந்தால் அந்த இடைவெளி கரைந்துவிடும்.

"குளிர்சாதன அறையில்தான் வளர்க்கிறோம்" என்பது முதல் மறுமொழி. நாள் முழுவதும் ஓர் அறைக்குள் அடைபட்டிருப்பது மலையில் நாளெல்லாம் நடந்த மரபுக்கு வாழ்வா? சிறையின் சுவர் குளிர்ந்திருப்பதால் அது சிறையல்லாது போய்விடாது. மேலும், குளிரறையிலேயே பழகிய உடம்பு வெயிலைத் தாங்கும் பழக்கத்தையும் பெறுவதில்லை. வெளியே வரும் அரைமணி நேரம் அதற்குப் பெருந்துன்பமாகிறது.

"கோடையில் மயிரை ஒட்ட மழித்துவிடுகிறோம்" என்பது இரண்டாம் மறுமொழி. இது அறியாமையால் வரும் தீங்கு. மலைநாய்களுக்கு மயிர் இரு அடுக்கு: உள்ளே பஞ்சுபோன்ற அடிமயிர், வெளியே நீண்ட காப்புமயிர். இந்த வெளியடுக்கு பனியைத் தடுப்பதுபோலவே வெயில் தோலைச் சுடுவதையும் தடுக்கிறது. அதை மழித்தால் தோல் வெந்து புண்ணாகும். பல நாய்களுக்கு மயிர் மீண்டும் முறையாக வளர்வதே இல்லை. செய்ய வேண்டியது மழித்தலன்று. உதிர்ந்த அடிமயிரைச் சீப்பால் வாரி எடுத்தல். அது நாள்தோறும் அரைமணி நேரம் பிடிக்கும் வேலை. அந்த அரைமணி நேரம் இல்லாதவர்தாம் மழிப்பவரிடம் அனுப்புகிறார்.

மூன்றாவதாக, எவரும் கேட்காத ஒரு கேள்வி: இந்த நாயின் மனத்துக்கு என்ன வேலை? ஓட்டும் வகை மேய்ப்பு நாய்க்கு ஆடு இல்லையென்றால் அது குழந்தைகளை ஓட்டும், குதிகாலைக் கவ்வும், மிதிவண்டியைத் துரத்தும். அதுவும் இல்லையென்றால் தன் வாலைத் தானே துரத்திச் சுழலும். காலை நக்கி நக்கிப் புண்ணாக்கும். காவல் வகை நாய்க்கு மந்தை இல்லையென்றால் வீட்டாரே மந்தை. உணவு கொண்டுவருபவரும் எரிவாயு உருளை கொண்டுவருபவரும் ஓநாய்கள். பிறகு ஒரு நாள் கடி விழும். கடித்த நாய்க்குக் 'கொடிய இனம்' என்று பட்டம் கிடைக்கும். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாயினங்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டது. அப்பட்டியலில் காங்கல், காக்கேசிய மேய்ப்பு நாய், நடு ஆசிய மேய்ப்பு நாய் எனப் பல மந்தை நாய்கள் இடம்பெற்றிருந்தன. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை ரத்து செய்தது. சட்டத்தின் வழக்கு எவ்வாறாயினும், நமக்குத் தோன்றுவது இதுதான்: அனத்தோலிய மேட்டில் அந்த நாயின் அறமாக இருந்த குணம், அடுக்ககத்தில் குற்றமாகிறது. அதே குணம் உரிய இடத்தில் என்ன செய்யும் என்பதற்கு நமீபியா சான்று. அங்கே 1994 முதல் காங்கல் முதலிய காவல் நாய்களைச் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு அமைப்பொன்று பண்ணையாளர்க்கு வழங்கி வருகிறது. நாய் ஆட்டைக் காக்கிறது. ஆடு இழக்காத பண்ணையாளர் சிவிங்கிப்புலியைச் சுடுவதில்லை. ஒரு நாயால் இரண்டு உயிர்கள் பிழைக்கின்றன. அதே நாய் இங்கே ஒரு புகைப்படத்துக்கு உதவுகிறது.

*

எதிர்வாதங்களைப் புறந்தள்ளிவிட்டுப் போவது முறையன்று. வலுவான இரண்டை எடுத்துக்கொள்வோம்.

"அல்சேஷன் நம் ஊரில் வாழவில்லையா?" என்பது ஒன்று. வாழ்கிறது. ஜெர்மன் ஷெப்பர்டு என்னும் அந்நாயும் மேய்ப்பு நாய்தான். முதல் உலகப்போரை ஒட்டி ஜெர்மனியின் பெயரைச் சொல்ல விரும்பாத ஆங்கிலேயர் சூட்டிய அல்சேஷன் என்ற பெயரையே நாம் இன்றும் கைவிடவில்லை. 1899-இல் அவ்வினத்தை ஒழுங்குபடுத்திய மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ், அழகைவிட வேலையே இனத்தின் அளவுகோல் என்று வற்புறுத்தியவர். உயர்மலைப் பனிக்கென்று உருவான நாயன்று அது. நம் காவல்துறையில் அதற்கு உண்மையான வேலையும் கிடைத்தது. எனவே அது ஓரளவு தாக்குப்பிடித்தது. வேலையிலிருந்து பிரித்துக் கண்காட்சிக்கென்று வளர்த்தபோது அந்த இனத்துக்கு நேர்ந்தது என்ன? சரிந்த முதுகும் இடுப்பு மூட்டுத் தளர்ச்சியும். இவ்வாதம் நம்மை மறுக்கவில்லை. நமக்கே துணை நிற்கிறது.

மற்றொன்று நம் துறை நண்பர்கள் சொல்வது: "திணைமயக்கத்தைத் தொல்காப்பியரே ஏற்றுக்கொண்டாரே, கருப்பொருள் மயங்கலாம் என்றாரே." மெய்தான். ஆனால் அதே அகத்திணையியலில், நிலம் இரண்டு ஒருங்கே மயங்குதல் இல்லை என்று வரையறுத்தவரும் அவரே. முல்லைப் பூ குறிஞ்சிப் பாட்டுக்குள் வரலாம். பாட்டுக்குள் வந்த பூ வாடாது. தௌலாதார் குமணன்சாவடிக்கு வராது. வராத நிலத்தின் உயிரை மட்டும் வரவழைத்தால் மயங்குவது திணையன்று, அந்த உயிர். நள்ளிரவில் கால்நடை மருத்துவரைத் தேடி அலைந்தவர்க்கு இந்த வேறுபாடு உரையாசிரியர் துணையின்றியே விளங்கும்.

*

இனி நாட்டு நாய் அன்பர்களிடம் வருவோம். 2017-இன் ஏறுதழுவல் எழுச்சிக்குப் பின் நாட்டு மாடு, நாட்டுக் கோழி, நாட்டு நாய் என்ற சொற்களுக்குப் புதிய பெருமிதம் வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டிய பின் சந்தையும் சூடுபிடித்தது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத 11 அயல் இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்வதைத் தடைசெய்தது. சைபீரியன் ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் திபெத்திய மாஸ்டிஃபும் அவற்றுள் அடங்கும். நாட்டு இனங்களை ஊக்குவிக்கவும் அக்கொள்கை வழிசொல்கிறது. தடையை நாம் மனமார வரவேற்கிறோம். இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கேதான் நாம் வேறுபடுகிறோம்.

கோம்பை நாயை எடுத்துக்கொள்வோம். தேனி மாவட்டத்து உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ள கோம்பை என்ற ஊரின் பெயரைத் தாங்கியது. செம்பழுப்பு மேனி, கரிய முகம், கட்டுறுதியான உடல், எளிதில் மூளும் சினம். காவலுக்கும் வேட்டைக்கும் பெயர்பெற்றது. மலைச்சரிவின் பட்டிகளும் காட்டுப்பன்றியும் சிறுத்தையும் சேர்ந்து வனைந்த உடம்பு அது. தௌலாதாருக்குக் கத்தி நாய் எப்படியோ, மேகமலை அடிவாரத்துக்குக் கோம்பை அப்படி. அதே வட்டாரத்தின் மலைமாடுகள் பாலுக்காக வளர்க்கப்படுபவை அல்ல. காட்டில் மேய்ந்து, பட்டியில் அடைந்து, எருவுக்காகவே பெரிதும் மதிக்கப்பட்டவை. திருவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்தது. எதிர்ப்புக்குப் பின் அத்தடையைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் என்ற அளவில் சுருக்கியது. மேகமலை மேய்ப்பர்க்கு அந்தச் சுருக்கம் ஆறுதலாகவில்லை. அவர்கள் காடே காப்பகம்.

புலி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. மேய்ப்பனை வெளியேற்றித்தான் புலியைக் காக்க முடியுமா என்பதில்தான் ஐயம். அந்த விவாதம் நீளமானது. இங்கே நாம் கேட்பது சிறிய கேள்வி: மாடு காட்டை விட்டு இறங்கிவிட்டால், பட்டி கலைந்துவிட்டால், கோம்பை நாய் எதைக் காக்கும்? குமணன்சாவடியில் ஓர் இரும்புக் கதவைக் காக்கும். மகிழுந்தின் பின்கண்ணாடியில் ஒட்டிய வீரமொழிக்குத் துணைப்படமாக நிற்கும். நாட்டு இனத்தைக் காக்கிறோம் என்று சொல்லி, அந்த இனத்தை உண்டாக்கிய வாழ்வு அழிவதைக் காணாதிருப்பவர்க்கும், பனிநாட்டு நாயைப் பலகணியில் கட்டிவைப்பவர்க்கும் வேறுபாடு ஒன்றுதான். பின்னவர் வேற்றுத் திணையின் உயிரை வாங்கினார். முன்னவர் தம் திணை கெட்டபின் மிஞ்சியதை வாங்கினார். இரண்டு வீட்டிலும் சங்கிலியின் நீளம் ஒன்றே.

அழகுக்கும் பெருமைக்கும் வாங்கப்பட்ட மேய்ப்பு நாய்களின் முடிவை அறிய விரும்புவோர் சீனத்தைப் பார்க்கலாம். செல்வத்தின் சின்னமாகத் திபெத்திய மாஸ்டிஃபை அங்கே பித்துப்பிடித்து வாங்கினார்கள். ஒரு குட்டிக்குக் கோடிக்கணக்கில் விலை பேசப்பட்டது. 2015 வாக்கில் அந்தப் பித்துத் தணிந்தது. விலை சரிந்தது. வளர்ப்புக் கூடங்கள் நாய்களைக் கைவிட்டன. மந்தையைக் காக்கப் பிறந்த நாய்கள் திபெத்திய மேட்டுநிலத்தில் கூட்டங்கூட்டமாகத் திரிந்து மந்தையையே கடித்தன. காட்டு விலங்குகளுக்கும் இடரானவை ஆயின. புலி தன் இரையைத் தின்பதைப் போன்ற இயற்கை நிகழ்ச்சியன்று இது. சந்தை தான் வனைந்த பொம்மையைத் தெருவில் எறிந்த நிகழ்ச்சி.

*

குறைகூறி நிறுத்துவது எளிது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர் என்ன செய்வார்? நாயைத் தெருவில் விடுவது பெருங்கொடுமை. அது கூடாது. வாங்கிவிட்ட பின் கடமை மட்டுமே எஞ்சுகிறது. அதனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

நடைப்பயிற்சி, கதிரவன் எழுமுன் அல்லது நிலம் ஆறிய பின். புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடிகள் வைக்க முடியாவிட்டால் நாயின் கால் அதில் பட வேண்டாம். நிழலும் காற்றோட்டமும் எப்போதும் நிறைந்திருக்கும் தண்ணீரும் இன்றியமையாதவை. மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு இல்லாத வீட்டில் குளிரறையை நம்ப வேண்டாம். நாய் நிலைகுலைந்து தள்ளாடினால், எச்சில் கெட்டியாக ஒழுகினால், வாந்தியோடு சோர்ந்தால், அது வெப்பத்தாக்கு. முதலில் குளிர்வியுங்கள், பிறகு கொண்டுசெல்லுங்கள்: உடல் முழுதும் நீரைத் தொடர்ந்து ஊற்றி விசிறிக்காற்றில் வையுங்கள்; ஈரத்துணியால் போர்த்தி மூடாதீர்கள், அது வெப்பத்தை உள்ளேயே அடைக்கும்.

அடர்ந்த மயிருக்குள் உண்ணி ஒளிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. எர்லிக்கியா, பபேசியா ஆகிய உண்ணிக் காய்ச்சல்கள் சென்னை நாய்களுக்குப் பழகிய எமன்கள். வாரந்தோறும் காதுமடலையும் விரலிடுக்கையும் விரலால் துழாவிப் பாருங்கள். காலி வகை நாய்களில் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் என்னும் மருந்து நஞ்சாகும் மரபுக்கூறு உண்டு. மருத்துவரைக் கேளாமல், பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்ட ஊசியை உங்கள் நாய்க்குப் போடாதீர்கள். பேருடல் குட்டிகளுக்குச் சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளைத் தாமாகவே கொடுப்பது எலும்பை வளர்ப்பதற்கு மாறாகக் கோணச்செய்யும். தயிர்ச்சோறு மட்டும் உணவாகாது. வெறிநோய்த் தடுப்பூசி, ஆண்டு தவறாமல். எல்லாவற்றுக்கும் மேலாக, மனத்துக்கு வேலை கொடுங்கள்: தேடி எடுத்தல், மோப்பம் பிடித்தல், சொற்களைக் கற்றல். ஒரு மணி நேர ஓட்டத்தைவிடக் கால் மணி நேர மூளைவேலை அதை அமைதிப்படுத்தும்.

இன்னும் வாங்காதவர்க்கு: வாங்காதீர்கள். குட்டி விற்பவரிடம் பதிவுச் சான்று உண்டா என்று கேளுங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி குற்றம். நாய் இல்லாமல் வாழ முடியாதென்றால் உங்கள் தெருமுனையில் ஒன்று படுத்திருக்கிறது. சான்றிதழும் அஞ்சல் தலையும் இல்லாத அந்தத் தெருநாயின் குட்டை மயிரும் மெலிந்த உடலும் நிமிர்ந்த காதும் இந்த வெயில் பல நூறு தலைமுறைகளாக வனைந்தவை. குமணன்சாவடிக்குரிய கருப்பொருள் அதுதான். கருத்தடையும் தடுப்பூசியும் செய்து வாயிலில் இடம் கொடுத்தால் போதும். மலையை அது கேட்காது.

இலக்கிய அன்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். கி. ராஜநாராயணனின் 'கிடை'யையும் சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி'யையும் நாம் போற்றுகிறோம். வட்டார வழக்கு என்றும் விளிம்புநிலை என்றும் கருத்தரங்கு நடத்துகிறோம். கிடை போடும் வயல் எங்கே போயிற்று, மேய்ச்சல் புறம்போக்கு எவர் பெயரில் பட்டாவாயிற்று என்று எந்தக் கருத்தரங்கிலும் தீர்மானம் இயற்றியதாக நினைவில்லை. மேய்ச்சல் நிலம் இருக்கும்வரைதான் மேய்ப்பன். மேய்ப்பன் இருக்கும்வரைதான் அவன் நாய். இவை இருக்கும்வரைதான் அந்தப் புதினங்கள் நம் வாழ்வைப் பற்றியவை. பிறகு அவை தொல்லியல்.

தொல்லியலில் ஒரு நாய் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளுக்காகப் பொருது பட்டான். அவனுடைய நாய், கோவிவன் என்னும் பெயருடையது, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. கல்லெழுத்து இதைச் சொல்கிறது. வீரனோடு நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் இனம் என்ன என்று அந்த ஊரார் எழுதவில்லை. நிறம் என்ன, விலை என்ன, எந்த மலையிலிருந்து வந்தது என்றும் எழுதவில்லை. அதன் பெயரை எழுதினார்கள். அது செய்த வேலையை எழுதினார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகியும் அந்த நாய் நமக்குத் தெரிகிறது.

குமணன் நாடிழந்து காட்டில் இருந்தபோதும் பாடிவந்த பெருந்தலைச் சாத்தனாரிடம் வாளை நீட்டித் தன் தலையைக் கொடுத்தான் என்பர். தன்னிடம் மிகுந்து கிடந்ததைக் கொடுத்ததால் அவனை வள்ளல் என்னவில்லை. வந்தவனுக்கு எது உதவுமோ அதைக் கொடுத்ததால் என்றோம். மலைநாய்க்கு வேண்டியது மலையும் மந்தையும் வேலையும். அவற்றைக் கொடுக்க இயலாத நாம் கொடுக்கக்கூடிய கொடை ஒன்றே: அதை அங்கேயே விட்டுவைத்தல்.